வில்லவுட் முகாமும் ஒரு வெள்ளிக்கிழமைப் பாட்டும்: ஈசிபீட்ஸ் குழுவை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆஸ்திரேலியாவில் பாடலாசிரியர்களுக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் சங்கம் 2001இல் தன் 75ஆம் ஆண்டைக் கொண்டாடியது. அந்தச் சாக்கில் இசைத்துறைக்காரர்களைக் கேட்டு, 75 ஆண்டுகளில் வந்த ஆஸ்திரேலியப் பாடல்களில் தலைசிறந்தவை எவை என்று ஒரு பட்டியல் போட்டார்கள். பட்டியலின் உச்சியில் நின்றது 'ஈசிபீட்ஸ்' என்ற குழு 1966இல் வெளியிட்ட 'ஃப்ரைடே ஆன் மை மைண்ட்'. மூன்று நிமிஷம்கூட ஓடாத பாட்டு. டேவிட் போவி 1973இல் தன் 'பின் அப்ஸ்' தொகுப்பில் இதை எடுத்துப் பாடியிருக்கிறார். நான் முதலில் கேட்டதே அவர் குரலில்தான். ரொம்ப நாள் அது இங்கிலாந்துப் பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்ததில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

அந்தப் பாட்டின் பிறப்புச் சான்றிதழைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எழுதியவர்கள் இரண்டு பேர். ஜார்ஜ் யங், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். ஹாரி வாண்டா, நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்காரர். பாடியவர் ஸ்டீவி ரைட், சொந்த ஊர் இங்கிலாந்தின் லீட்ஸ். டிரம் அடித்த 'ஸ்னோயி' ஃப்ளீட் லிவர்பூல்காரர். பேஸ் கிட்டார் வாசித்த டிக் டயமண்ட் இன்னொரு டச்சுக்காரர். பதிவு நடந்தது லண்டனில், தயாரித்தவர் ஷெல் டால்மி என்ற அமெரிக்கர். ஐந்து பேரில் ஒருத்தர்கூட ஆஸ்திரேலியாவில் பிறந்தவரில்லை.

'அப்படியானால் அவர்கள் அசல் ஆஸ்திரேலியர்கள் இல்லை' என்று நிறுவுவது என் நோக்கமல்ல. மண்ணின் மைந்தர் கணக்கு நமக்குத் தேவையில்லாதது, ஆபத்தானதும்கூட. என் கேள்வி வேறு. ஒரு தேசம் எந்தக் குரலைத் தன் குரலென்று சுவீகரித்துக்கொள்கிறது? அந்தக் குரல் எந்த இடத்திலிருந்து எழுந்ததோ, அந்த இடத்தை அதே தேசம் என்ன செய்கிறது? ஈசிபீட்ஸைப் பொறுத்தவரை அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. சிட்னி நகரின் மேற்குப் புறநகரான வில்லவுட். ஈழத்தமிழர்கள் பலருக்கு இந்தப் பெயர் ஏற்கெனவே பழக்கமானதுதான், வேறு காரணத்துக்காக. அதற்குப் பின்னால் வருகிறேன்.

*

1949இல் வில்லவுட்டில் குடியேறிகளுக்கான ஹாஸ்டல் ஒன்று திறக்கப்பட்டது. ஹாஸ்டல் என்றதும் மாணவர் விடுதியை நினைத்துக்கொள்ள வேண்டாம். நெளிதகரத்தை அரைவட்டமாக வளைத்துப் போட்ட 'நிஸ்ஸன்' கொட்டகைகள், பொதுச் சாப்பாட்டுக்கூடம், பொதுக் குளியலறை. வெயில் காலத்தில் அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ்பெட்டி. ராணுவத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட கட்டட வடிவம் அது. போர் முடிந்ததும் உழைப்பாளிகளைக் குடிவைக்க அதையே பயன்படுத்திக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் தன் வாசல்வரை வந்துவிட்டுப் போனதில் ஆஸ்திரேலிய அரசு கலங்கிப் போயிருந்தது. இவ்வளவு பெரிய கண்டத்தில் இவ்வளவு கொஞ்சம் ஜனங்களா? 'ஆளைப் பெருக்கு, இல்லாவிட்டால் அழிந்துபோ' என்பதுதான் அன்றைய முழக்கம். 1945இல் குடியேற்றத்துக்கென்று தனி அமைச்சகமே உண்டாக்கினார்கள். முதல் அமைச்சர் தொழிற்கட்சியின் ஆர்தர் கால்வெல். பிரிட்டனிலிருந்து வரும் பெரியவருக்குக் கப்பல் கட்டணம் பத்தே பவுண்டு, பிள்ளைகளுக்கு இலவசம். வந்தவர் இரண்டு வருஷம் இருந்தாக வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் மட்டும் போதவில்லை என்றானபோது வாசல் கொஞ்சம் அகலமானது. போரில் வீடிழந்த கிழக்கு ஐரோப்பியர், 1951இல் ஓர் ஒப்பந்தத்தின்கீழ் டச்சுக்காரர்கள், பிறகு இத்தாலியர், கிரேக்கர். தொழிற்சாலைகளுக்கும் அணைக்கட்டுகளுக்கும் கை தேவைப்பட்டது. வந்தவர்களுக்கு 'புது ஆஸ்திரேலியர்' என்று பெயர் சூட்டினார்கள். பெயரே ஒரு கட்டளை: பழையதை மறந்துவிடு.

இந்த வாசலுக்கு ஒரு காவல்காரன் இருந்தான். 1901இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி உருவானபோது அதன் நாடாளுமன்றம் முதலில் இயற்றிய சட்டங்களில் ஒன்று குடியேற்றத் தடைச்சட்டம். 'வெள்ளை ஆஸ்திரேலியா' என்ற சொல் சட்டத்தில் எங்கும் வராது. நிறத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. வருகிறவரிடம் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசித்துக் காட்டி எழுதச் சொல்லலாம், அவ்வளவுதான். எந்த மொழி என்பதை அதிகாரி தீர்மானிப்பார். ஆங்கிலம் தெரிந்த ஆசியருக்கு வேறொரு மொழியில் வைத்தால் முடிந்தது கதை. இந்தத் தந்திரத்தை ஆஸ்திரேலியர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1897இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், இந்தியர்கள் ஒப்பந்தக் கூலியாக இல்லாமல் சுயேச்சையாக வந்து குடியேறுவதைத் தடுக்கக் கொண்டுவந்த சட்டத்திலிருந்து கடன் வாங்கியது. ஆக, இந்தக் கதையில் 'நாம்' ஆரம்பத்திலிருந்தே இருக்கிறோம், வெளியே நிறுத்தப்பட்டவர்களாக.

எழுதத் தெரிந்த வெள்ளையரையும் வேண்டாமென்றால் இதே சோதனையை வைத்து நிறுத்தலாம். 1934இல் பாசிச எதிர்ப்புக் கூட்டத்தில் பேச வந்தார் எகான் கிஷ் என்ற செக் நாட்டுக் கம்யூனிஸ்ட் எழுத்தாளர். இறங்கக் கூடாது என்று தடுத்தார்கள். மனுஷன் மெல்போர்னில் கப்பலிலிருந்து கரைக்குக் குதித்துக் காலை ஒடித்துக்கொண்டார். பல மொழி தெரிந்த ஆள் என்பதால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் சோதனை வைத்தார்கள். உயர்நீதிமன்றம், இந்தச் சட்டத்தின் கணக்கில் கேலிக் ஓர் ஐரோப்பிய மொழியே ஆகாது என்று தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. மொழியும் அதிகாரமும் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதுகிற நமக்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைக்காது. அந்த எழுத்துச் சோதனையை 1958இல்தான் கைவிட்டார்கள். 1966இல் விதிகள் தளர்ந்தன. 1973இல் விட்லம் அரசு மிச்சத்தையும் எடுத்துப்போட்டது.

வாண்டாவும் டயமண்டும் யங்கும் ரைட்டும் ஃப்ளீட்டும் வந்து இறங்கியது இந்த 'வெள்ளை ஆஸ்திரேலியா'க் கொள்கை இன்னும் உயிரோடு இருந்த காலத்தில். நெதர்லாந்தில் ஏற்கெனவே ஒரு கிட்டார் குழுவில் இருந்தவர் வாண்டா. 1962-63இன் கொடும் பனிக்காலத்துக்குப் பிறகு கிளாஸ்கோவிலிருந்து பெயர்ந்து வந்தது யங் குடும்பம். ஏழை வெள்ளையர்கள். தோல் அவர்களை உள்ளே விட்டது, தொழில் அவர்களைத் தகரக் கொட்டகையில் வைத்தது. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் வெறும் சோகக்கதை ஆகிவிடும், இல்லாவிட்டால் வெறும் குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

பெயர்களைக் கவனியுங்கள். யோஹன்னஸ் வான்டன்பர்க் 'ஹாரி வாண்டா' ஆனார். டிங்கமன் வான் டெர் ஸ்லைஸ் 'டிக் டயமண்ட்' ஆனார். மேடைப்பெயர் எல்லாரும் வைப்பதுதானே என்று சொல்லலாம். வாஸ்தவம்தான். ஆனால் லிவர்பூல்காரர் தன் 'ஃப்ளீட்'டையும் லீட்ஸ்காரர் தன் 'ரைட்'டையும் அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது. வாயில் நுழையாத பெயர்கள்தான் நறுக்கப்பட்டன.

*

'பீட்' என்றால் என்ன? இரண்டு கிட்டார், ஒரு பேஸ், டிரம், பாடுகிறவர். நாலு அடித் தாளத்தில் முதல் அடியில் விழ வேண்டிய அழுத்தத்தை இரண்டாவதிலும் நாலாவதிலும் போடுவது. கேட்கிறவனின் உடம்பு சும்மா இருக்காது. இந்த அழுத்தம் லிவர்பூலில் பிறந்ததல்ல. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வழிபாட்டுக்கூடங்களிலிருந்தும் ரிதம் அண்ட் ப்ளூஸிலிருந்தும் சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் வழியாக இசைத்தட்டுகளில் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தது. துறைமுக ஊர்ப் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் இந்த இசையின் நிலைமை விசித்திரமானது. 1928இல் சன்னி க்ளே என்ற கறுப்பின இசைக்கலைஞர் அமெரிக்காவிலிருந்து தன் ஜாஸ் குழுவோடு வந்தார். மெல்போர்னில் அந்தக் குழுவினர் தங்கியிருந்த வீட்டில் வெள்ளைப் பெண்கள் இருந்ததாகச் சொல்லிப் போலீஸ் உள்ளே புகுந்தது. பத்திரிகைகள் கூச்சல் போட்டன. குழுவை நாடு கடத்தினார்கள். 36 ஆண்டுகள் கழித்து 1964 ஜூனில் பீட்டில்ஸ் வந்தபோது அடிலெய்ட் நகரில் சாலையோரம் கூடிய கூட்டம் மூன்று லட்சம் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கறுப்பினத்தவரின் தாளத்தை வெள்ளை உடம்புகள் தூக்கி வந்தால் ஊரே திரளும். தாளம் எல்லை கடக்கலாம், தாளத்துக்குச் சொந்தக்காரன் கடக்கக் கூடாது. போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் வெள்ளை இளைஞர்களின் உபகலாச்சாரங்களை இனஉறவுகளின் மறைமுக வரலாறாக வாசிக்கலாம் என்று டிக் ஹெப்டிஜ் 1979இல் எழுதினார். ஆஸ்திரேலியாவுக்கு அது இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. அங்கே அந்த வரலாற்றைப் பேசவே முடியாதபடி கறுப்பு உடம்பைச் சட்டமே வெளியில் வைத்திருந்தது. உள்ளே இருந்த பழங்குடிகளோ முகாம்களிலும் மிஷன்களிலும் அடைபட்டுக் கிடந்தார்கள்.

பீட்டில்ஸ் வந்துபோன பிறகு ஊருக்கு ஊர் பீட் குழுக்கள் முளைத்தன. ஈசிபீட்ஸ் அவற்றில் ஒன்று. இந்தக் குழுக்களில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். பில்லி தோர்ப் மான்செஸ்டரிலிருந்து சிறுவயதில் வந்தவர். பீஜீஸ் சகோதரர்கள் 1958இல் அதே மான்செஸ்டரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். 'ட்வைலைட்ஸ்' குழு அடிலெய்டுக்கு வடக்கே குடியேறிகளுக்காகவே 1955இல் நிறுவப்பட்ட எலிசபெத் என்ற தொழில்நகரோடு சேர்ந்தது. 'மாஸ்டர்ஸ் அப்ரென்டிசஸ்' குழுவின் ஜிம் கீஸ் பிறந்தது கிளாஸ்கோ. ஏன் இப்படி? உள்ளூர்ப் பையனுக்கு இந்த ஓசை கப்பலில் வரும் இசைத்தட்டு வழியாகத் தாமதமாகத்தான் கிடைத்தது. இவர்களுக்கோ அது பெட்டிபடுக்கையோடு வந்தது. உச்சரிப்பிலேயே இருந்தது. பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளான அதே உச்சரிப்பு 1964க்குப் பிறகு மேடையில் மூலதனம் ஆனது. இன்னொன்றும் உண்டு. இந்தப் பையன்களுக்காக வகுக்கப்பட்டிருந்த பாதை பள்ளிக்கூடத்திலிருந்து நேரே தொழிற்சாலை. கிட்டார் ஒன்றுதான் குறுக்குச் சந்து.

*

1964 கடைசியில் சிட்னியின் 'பீட்டில் வில்லேஜ்' என்ற கிளப்பில் ஈசிபீட்ஸ் மேடையேறத் தொடங்கினார்கள். மைக் வான் என்பவர் மேலாளரானார். அவர் வழியாக இவர்கள் போய்ச்சேர்ந்த இடம் ஆல்பர்ட் குடும்பத்தின் நிறுவனம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1885இல் இந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஜாக் ஆல்பர்ட் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த குடியேறி. குடும்பம் பணம் பண்ணியது பாட்டுத் தாள் அச்சிட்டு விற்றும் வாய் ஆர்மோனியம் விற்றும். அந்த வாய் ஆர்மோனியத்தின் மார்க் என்ன தெரியுமா? 'பூமராங்'. மலிவுப் பாட்டுப் புத்தகங்களுக்கும் அதே பெயர்தான். சிட்னித் துறைமுகத்தைப் பார்த்த மாதிரி குடும்பம் கட்டிய மாளிகைக்கும் 'பூமராங்' என்றே பெயர். பழங்குடி வேட்டைக்காரனின் எறிதடி ஒரு ஸ்விஸ் வியாபாரியின் வணிகச் சின்னமாக, பிறகு அவர் வாரிசுகளின் வீட்டுப் பெயராக ஆகிறது. பண்பாட்டுத் தொழில் என்பதன் முழுச் சூத்திரமும் அந்த ஒற்றைப் பெயரில் அடங்கியிருக்கிறது.

நான்காம் தலைமுறை வாரிசு டெட் ஆல்பர்ட் 1964இல் தனித் தயாரிப்பு நிறுவனம் தொடங்கியிருந்தார். அவர் நல்ல காது உள்ளவர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பாட்டைப் பிரதியெடுத்துப் பாடுவதே வழக்கமாயிருந்த காலத்தில், சொந்தப் பாட்டை எழுதுங்கள் என்று பையன்களை விட்டார். 1965 மார்ச்சில் முதல் இசைத்தட்டு, பெரிதாக ஓடவில்லை. மே மாதம் வந்த 'ஷி இஸ் ஸோ ஃபைன்' நாடு முழுக்கப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஒன்றேகால் வருஷத்துக்கு வரிசையாக வெற்றிகள். ஆரம்பப் பாடல்களில் பெரும்பாலானவற்றை யங்கும் ரைட்டும் எழுதினார்கள். வாண்டாவுக்கு அப்போது ஆங்கிலம் சரியாகக் கைவரவில்லை. மொழி வராத காலத்தில் அவர் கிட்டாரோடு நிறுத்திக்கொண்டார். மொழி வந்த பிறகு எழுதியதுதான் அந்த வெள்ளிக்கிழமைப் பாட்டு.

ஐந்து பேர் போகிற இடமெல்லாம் பெண்பிள்ளைகள் கூட்டம். பத்திரிகைகள் இதற்கு 'ஈசிஃபீவர்' என்று பெயர் வைத்தன, காய்ச்சல். சிட்னியின் பர்வுட் பகுதியில் யங் குடும்பத்து வீட்டை ரசிகைகள் முற்றுகையிட்டார்கள். ஜார்ஜின் குட்டித்தம்பி ஆங்கஸ் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டுக்குள் நுழைய முடியாத நிலை. 1965 டிசம்பரில் பிரிஸ்பேன் அரங்கில் கூட்டம் கட்டுமீறியதில் நிகழ்ச்சியைச் சில நிமிஷங்களிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

இடதுசாரிகள் உட்பட எல்லாரும் இதை வெறும் வெறி என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். சந்தை பெண்பிள்ளைகளை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே பிரிஸ்பேனில், அதே 1965இன் மார்ச் 31ஆம் தேதி மெர்ல் தார்ன்டன் என்ற பெண்ணும் அவர் தோழியும் ரெகாட்டா ஹோட்டலின் மதுக்கூடத்துக்குள் போய், தங்களைச் சங்கிலியால் கால்வைக்கும் கம்பியோடு பிணைத்துக்கொண்டார்கள். ஆண்களுக்கான பொது மதுக்கூடத்தில் பெண்ணுக்கு ஊற்றிக்கொடுப்பது அங்கே சட்டப்படி குற்றம். கல்யாணமான பெண் மத்திய அரசின் நிரந்தர வேலையிலிருந்து விலகியாக வேண்டும் என்ற விதி 1966 நவம்பர்வரை அமலில் இருந்தது. இப்படிப்பட்ட ஊரில் பதினைந்து வயசுப் பெண் பொது இடத்தில் தொண்டை கிழியக் கத்துகிறாள், போலீஸ்காரனைத் தள்ளுகிறாள், தன் ஆசையை ஊரறியச் சொல்கிறாள். பீட்டில்ஸ் ரசிகைகளைப் பற்றி பார்பரா எரன்ரைக்கும் அவர் தோழிகளும் 1986இல் எழுதிய நூலில், பெண்களின் பாலியல் கலகத்தில் முதன்முதலில் பெருந்திரளாக வெடித்தது இந்தக் கூச்சல்தான் என்கிறார்கள். மதுக்கூடத்துக் கம்பியில் பிணைத்துக்கொண்டவரும் அரங்கில் கத்தியவளும் ஒரே அரசியலைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே சுவரைத்தான் இரண்டு பேரும் இடித்தார்கள் என்கிறேன்.

*

1966 ஜூலையில் குழு லண்டனுக்குப் போனது. டெட் ஆல்பர்ட்டும் கூடவே போய்ச் செய்த பதிவுகளை அங்கிருந்த கம்பெனிக்காரர்கள் சரிவராது என்று தள்ளிவிட்டார்கள். கின்க்ஸ், தி ஹூ குழுக்களின் பதிவுகளைத் தயாரித்த ஷெல் டால்மியிடம் ஒப்படைத்தார்கள். யங்கும் வாண்டாவும் வாசித்துக் காட்டியவற்றிலிருந்து அவர் தேர்ந்தெடுத்ததுதான் 'ஃப்ரைடே ஆன் மை மைண்ட்'. அக்டோபரில் வெளியானது. ஆஸ்திரேலியாவில் முதலிடம், பிரிட்டனில் ஆறாமிடம், 1967இல் அமெரிக்காவில் பதினாறாமிடம். ஆஸ்திரேலியாவிலிருந்து போன ஒரு ராக் குழு இவ்வளவு தூரம் எட்டியது அதுவரை நடக்காத காரியம்.

பாட்டு எதைப் பற்றியது? வேலை செய்கிற ஒருவன் திங்கட்கிழமையில் ஆரம்பித்து ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டே போகிறான். வெள்ளி மாலைக்காகத்தான் இத்தனையும். அன்றைக்குக் காசு, பட்டணம், காதலி. முதலாளிக்காக உழைக்கிற எரிச்சலும் இருக்கிறது, ஒருநாள் இதை மாற்றுவேன் என்ற முணுமுணுப்பும் இருக்கிறது. கிட்டார் ஒரே இடத்தில் கத்தரித்துக் கத்தரித்து ஓடுகிறது, ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. வாரநாள் நகர நகர இறுக்கம் ஏறி, பல்லவியில்தான் மூச்சு விடுகிறது. அதாவது சம்பள வாரத்தின் வடிவமே பாட்டின் வடிவம்.

அடோர்னோவைப் படித்த நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். ஓய்வு என்பது வேலையின் தொடர்ச்சிதான், வெள்ளிக்கிழமைக் கொண்டாட்டம் திங்கட்கிழமைக்கு ஆளைத் தயார்ப்படுத்துகிறது, இந்தப் பாட்டே அந்த எண்ணெய்தானே? பாதி சரி. ஆனால் எண்ணெய் தான் எண்ணெய் என்று சொல்லாது. இந்தப் பாட்டு சொல்கிறது. வாரத்தில் ஐந்து நாள் தன்னுடையதல்ல என்று தெரிந்தவன் பாடுகிற பாட்டு இது. அடுத்த ஆண்டு, 1967இல், ஈ. பி. தாம்சன் காலமும் தொழில் ஒழுக்கமும் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். கடிகாரம் வருவதற்கு முன்னால் இங்கிலாந்துக் கைவினைஞர்கள் திங்கட்கிழமையைப் 'புனிதத் திங்கள்' என்று சொல்லி வேலைக்குப் போகாமல் குடித்துக் கிடப்பார்கள் என்பதையெல்லாம் எழுதி, அந்தக் காலம் எப்படிப் பறிக்கப்பட்டது என்று காட்டுகிறார். அவர் நூற்றாண்டுக் கணக்கில் விளக்குவதை இந்தப் பாட்டு வாரக்கணக்கில் சொல்லிவிடுகிறது. சாமியாக இருந்த திங்கள் சனியனாகிவிட்டது, சாமி வெள்ளிக்கு இடம் மாறிவிட்டது.

பின்னாளில் கேட்டபோது, இதில் வர்க்கப் பிரகடனம் எதுவும் இல்லை, என் உலகப் பார்வை அவ்வளவுதான் என்கிற மாதிரிச் சொன்னார் ஜார்ஜ் யங். வாண்டாவோ, நாங்கள் ஹாஸ்டல் பையன்கள், வாரக் கடைசிக்கு ஏங்கியவர்கள் என்றார். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று சொல்லிக்கொள்கிற நாம் யங்கின் வாக்குமூலத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. கட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை. தகரக் கொட்டகையில் உருவான உலகப் பார்வை வேறெதுவாக இருக்கும்?

ஆனால் இந்த வெள்ளிக்கிழமை யாருக்கு வாய்த்தது என்பதையும் கேட்டாக வேண்டும். பாட்டு வெளியாவதற்கு இரண்டு மாதம் முன்னால், 1966 ஆகஸ்ட் 23 அன்று, ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் வேவ்ஹில் என்ற மாட்டுப்பண்ணையிலிருந்து குரிஞ்சிப் பழங்குடித் தொழிலாளர்கள் இருநூறு பேர் வரை வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் குடும்பத்தோடு வெளியேறி நடந்தார்கள். பண்ணை பிரிட்டனின் வெஸ்டி குழுமத்துக்குச் சொந்தம். அவர்களுக்குக் கிடைத்தது மாவும் தேயிலையும் சர்க்கரையும் மாட்டிறைச்சியும், பெயருக்குக் கொஞ்சம் காசும். அந்த ஆண்டு மார்ச்சில்தான் நடுவர் ஆணையம் பண்ணைகளில் பழங்குடிகளுக்கும் சமசம்பளம் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. கூடவே, 1968 டிசம்பர் முதல் கொடுத்தால் போதும் என்று முதலாளிகளுக்கு அவகாசமும் தந்திருந்தது. சம்பள நாள் இருந்தால்தானே வெள்ளிக்கிழமைக்கு ஏங்க முடியும்? வெளிநடப்பு விரைவிலேயே கூலிப் பிரச்சினையைத் தாண்டி நிலத்தைக் கேட்கும் போராட்டமானது. 1975இல் விட்லம் லிங்கியாரியின் கையில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போடும்வரை ஒன்பது ஆண்டுகள் நீடித்தது. தேசத்தின் தலைசிறந்த பாட்டு எனப்பட்டது அந்தப் போராட்டத்தோடு ஒரே ஆண்டில் பிறந்தது. இரண்டும் ஒன்றையொன்று அறியாது.

*

வெற்றிக்குப் பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாக் குழுக்களின் கதையும்தான். அடுத்த பாட்டும் அதே உயரத்துக்குப் போக வேண்டுமென்று நெருக்கடி, பணத் தகராறு, போதை. மனைவி மக்களை விட்டுவந்திருந்த ஃப்ளீட் 1967இல் திரும்பிவிட்டார். 1969இல் குழு கலைந்தது. வாண்டாவும் யங்கும் லண்டனிலேயே தங்கி, சில்லறைப் பதிவு வேலைகள் செய்து குழுவின் கடனை அடைத்தார்கள். 1973இல் சிட்னிக்குத் திரும்பி, அதே ஆல்பர்ட் நிறுவனத்தில் இந்தமுறை தயாரிப்பாளர்களாக உட்கார்ந்தார்கள். ஜார்ஜின் தம்பிகள் மால்கமும் ஆங்கஸும் தொடங்கிய ஏசி/டிசி குழுவின் ஆரம்பத் தொகுப்புகள் இவர்கள் கையில் உருவானவை. முற்றுகையிடப்பட்ட வீட்டின் கதவருகே நின்ற அந்தக் குட்டித்தம்பியை உலகம் முழுக்க அறிந்தது அப்படித்தான்.

ஸ்டீவி ரைட்டின் கதை வேறு. 1974இல் வாண்டாவும் யங்கும் அவருக்காக எழுதிய 'ஈவி' என்ற 11 நிமிஷப் பாட்டு முதலிடம் பிடித்தது. அப்போதே ஹெராயின் அவரைப் பிடித்திருந்தது. அதிலிருந்து மீளச் சிட்னியின் செம்ஸ்ஃபோர்ட் தனியார் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஹாரி பெய்லி என்ற மருத்துவர் நோயாளிகளை நாட்கணக்கில் மயக்கத்தில் வைத்து மின்னதிர்ச்சி கொடுக்கும் 'ஆழ்துயில் சிகிச்சை' நடத்திவந்தார். அந்தச் சிகிச்சையில் 20க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதை 1988-90இல் விசாரணை ஆணையம் வெளிக்கொண்டுவந்தது. ரைட் உயிர் பிழைத்தார், முழுசாக மீளவில்லை. 2015இல் இறந்தார். ஃபூக்கோவின் மருத்துவமனையையும் சிறையையும் மேற்கோளாகவே படித்துப் பழகிய நமக்கு, பெயரும் விலாசமும் உள்ள உதாரணம் இது.

*

வில்லவுட்டுக்குத் திரும்புவோம். 1976இல் அந்த ஹாஸ்டல் வளாகத்திலேயே குடியேறிகளுக்கான தடுப்புக்காவல் மையம் தொடங்கப்பட்டது. வரவேற்கக் கட்டிய இடம் அடைத்துவைக்கும் இடமானது. 1992இல் தொழிற்கட்சி அரசு, விசா இல்லாமல் வந்து சேர்கிற எவரையும் கட்டாயமாகக் காவலில் வைக்கச் சட்டம் செய்தது. ஆளைப் பெருக்கு என்று கால்வெல் முழங்கிய அதே கட்சிதான். தகரக் கொட்டகையில் கதவு திறந்திருந்தது, பையன்கள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி நகரத்துக்குப் போக முடிந்தது. இப்போது முள்கம்பி வேலி.

2009க்குப் பிறகு, முள்ளிவாய்க்காலிலிருந்து தப்பிப் படகேறியவர்கள் பலர் கடைசியில் வந்து சேர்ந்த இடங்களில் வில்லவுட்டும் ஒன்று. 2010 செப்டம்பரில் ஈழத்தமிழரும் வேறு நாட்டவரும் அந்த மையத்தின் கூரைமேல் ஏறிப் போராடினார்கள். 2011 அக்டோபரில், அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டும் பாதுகாப்புச் சோதனை முடியவில்லை என்று அடைத்துவைக்கப்பட்டிருந்த ஓர் ஈழத்து இளைஞர் அங்கே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தீபாவளி நேரம். அன்று உளவு நிறுவனம் 'ஆபத்தானவர்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அகதியானாலும் வெளியே வர முடியாதிருந்தது. என்ன ஆதாரம் என்றும் சொல்லவில்லை. 1901இன் எழுத்துச் சோதனையில் அந்த 50 சொற்களாவது காதில் விழுந்தன. இதில் கேள்வித்தாளே இரகசியமாயிருந்தது. இப்படி அடைத்துவைக்கப்பட்ட 46 அகதிகளின் முறையீட்டில், இது எதேச்சதிகாரமான தடுப்புக்காவல் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2013இல் முடிவு சொன்னது. 46 பேரில் பெரும்பாலோர் ஈழத்தமிழர்கள்.

ஆஸ்திரேலியாவின் பன்முகக் கலாச்சார வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஈசிபீட்ஸ் கதை ரொம்பப் பிடிக்கும். வந்தார்கள், கஷ்டப்பட்டார்கள், தேசத்துக்குப் பாட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கதையாடலில் வில்லவுட் எழுபதுகளுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அதே நிலத்தில் அதற்குப் பிறகு இருந்தவர்கள் வேறொரு கோப்பில் வருவார்கள். பாட்டில் வாரநாளை எண்ணுகிறவனுக்கு வெள்ளி வந்தே தீரும், அது உறுதி. உள்ளே இருப்பவருக்கு எண்ணி முடிக்க ஒரு தேதி கிடையாது. நாடு கடத்த இடமே இல்லாவிட்டாலும் ஒருவரைக் காலவரையின்றி அடைத்துவைக்கலாம் என்று ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 2004இல் சொன்னது. வழக்குத் தொடுத்தவர் நாடற்ற ஒரு பாலஸ்தீனர். 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. இந்தமுறை வழக்கைக் கொண்டுபோனவர் நாடற்ற ஒரு ரோஹிங்கியர். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை உடனே வெளியில் விட வேண்டியதாயிற்று. அந்த மாதத்துக்குள்ளேயே, வெளியே வந்தவர்களின் காலில் மின்னணு வளையம் மாட்ட நாடாளுமன்றம் சட்டம் செய்தது.